முக்கோணம், வட்டம், சதுரம்

உங்கள் செல்போனை ஒரு நிமிஷம் எடுத்துப் பாருங்கள். அடியில் மூன்று பட்டன் இருக்கிறதா, இல்லை ஒரே ஒரு மெல்லிய கோடு கிடக்கிறதா? பட்டன் என்றால் நீங்கள் பழைய கட்சி. கோடு என்றால் புதுக் கட்சி. எங்கள் சிறுசேரி ஆபீஸில் கேன்டீன் சாம்பாருக்கு அடுத்தபடியாக அதிகம் சண்டை நடப்பது இந்த விஷயத்தில்தான்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 2007-ல் வந்த முதல் ஐபோனின் முன்பக்கத்தில் ஒரே பட்டன். எந்தக் காட்டில் தொலைந்தாலும் அதை அமுக்கினால் வீடு வந்து சேரலாம். 2011-ல் ஆண்ட்ராய்டு 4.0 பட்டன்களைத் திரைக்குள்ளேயே வரைந்துவிட்டது. பின்னால் போக ஒன்று, முகப்புக்கு ஒன்று, ஏற்கெனவே திறந்ததைப் பார்க்க ஒன்று. அதே வருஷம் நோக்கியா என்9 முன்பக்கம் பட்டனே இல்லாமல், இழுத்தாலே போதும் என்று வந்தது. வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. 2017-ல் ஐபோன் எக்ஸ் பட்டனைத் தூக்கியதும்தான் உலகமே விரலை இழுக்க ஆரம்பித்தது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10-ம் சேர்ந்துகொண்டது. கீழிருந்து மேலே இழுத்தால் முகப்பு. ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் முந்தைய பக்கம்.

நான் புதுக் கட்சி. ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மறு கையால் போன் பார்க்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். கட்டைவிரல் அடிமட்டம் வரை இறங்க வேண்டாம். எந்த ஓரத்தில் இருக்கிறதோ அங்கிருந்தே தள்ளினால் 'பேக்' ஆகிவிடும். பட்டன் பட்டை பிடித்திருந்த சுமார் ஏழரை மில்லிமீட்டர் இடமும் மிச்சம். கூகுள்காரர்கள் 2019-ல் சொன்ன கணக்குப்படி, ஜனங்கள் ஹோமைவிட பேக்கை 50 சதவிகிதம் அதிகமாகத் தொடுகிறார்கள். அதைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது நல்ல காரியம்தானே?

இப்படித்தான் ஆபீஸில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன், பெரியப்பாவைப் பார்க்க மாமல்லபுரம் போகும் வரை.

பெரியப்பா சிற்பி. அவருடைய பட்டறை ஐந்து ரதம் போகிற பக்கம். அக்கா வாங்கிக் கொடுத்த புதுப் போன் தூசி படாமல் துணியில் சுற்றி, உளிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அது கம்பெனியிலிருந்து வரும்போதே கோட்டுக் கட்சியாக வந்த போன்.

"ஏன் பெரியப்பா, உபயோகிக்கறதில்லையா?"

"உள்ள போயிடறேன் தம்பி. வெளிய வரத்தான் தெரியல" என்றார்.

பக்கத்தில் கல் தேய்த்துக்கொண்டிருந்த பையன் சிரித்தான். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. கல்லுக்குப் பணம் அனுப்புவது, பேலன்ஸ் பார்ப்பது எல்லாம் அந்தப் பையன்தான். பெரியப்பா பின் நம்பரையே அவனிடம் சொல்லிவைத்திருந்தார். பையன் தங்கமான பையன், அது வேறு. அறுபத்தெட்டு வயசு வரை தன் பணத்தைத் தானே எண்ணிய மனுஷர், "எனக்குப் புத்தி மழுங்கிப்போச்சுடா" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் சாதாரணமாக இல்லை.

புத்தி மழுங்கவில்லை. அவர் விரலைப் பார்த்தேன். ஐம்பது வருஷம் உளி பிடித்துக் காய்ப்பேறிய விரல், போதாக்குறைக்குக் கல் தூசி. இந்தத் திரை விரலின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. விரல் நுனியால் ஏற்படும் மின் மாற்றத்தைப் பார்க்கிறது. தோல் தடித்துக் காய்ந்திருந்தால் அது மங்கலாகத்தான் தெரியும். பட்டனை அமுக்கி அது கேட்கவில்லை என்றால் நஷ்டமில்லை, இன்னொரு தரம் அமுக்கலாம். இழுப்பது பாதியில் அறுந்தால் கதை வேறு. முகப்புக்குப் போகவேண்டியவர் பக்கத்தை மேலே தள்ளிவிடுவார். முந்தைய பக்கத்துக்குப் போகவேண்டியவர் வேறு எதையாவது தொட்டுத் திறந்துவிடுவார்.

விரலைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. பட்டன் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கண்ணுக்குத் தெரிகிறது. சைகை தெரியாது, யாராவது முன்கூட்டிச் சொல்லித் தரவேண்டும். பழக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும் என்று கூகுள்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த மூன்று நாளும் பக்கத்தில் ஆள் இருந்தால் சரி.

வேடிக்கை என்னவென்றால், சைகையில் பெரியப்பாவை மிஞ்ச ஆளில்லை. அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவசிக்குப் பக்கத்தில் நிற்கும் சிவனின் வரத முத்திரையைச் சின்ன வயசில் எனக்குக் காட்டித் தந்ததே அவர்தான். அவரிடம் இந்த இழுப்பு வித்தையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சிலையில கை காட்டினா எதிர்ல நிக்கறவனுக்குப் புரியணும். இதுல கை என்னோடது, அர்த்தம் மட்டும் அவனோடதா?"

பதில் சொல்லத் தெரியாமல் செட்டிங்ஸுக்குள் போனேன். தேடும் பெட்டியில் 'நேவிகேஷன்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் வந்துவிடுகிறது. சாம்சங் என்றால் டிஸ்ப்ளேவுக்குள் 'நேவிகேஷன் பார்'. மூன்று பட்டன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது, அரை நிமிஷ வேலை. (ஐபோனில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2025 பிப்ரவரியில் ஐபோன் எஸ்.இ.யை நிறுத்தியதோடு ஹோம் பட்டன் வைத்த ஐபோனை ஆப்பிள் மூட்டை கட்டிவிட்டது.)

திரையின் அடியில் முக்கோணம், வட்டம், சதுரம் வந்து உட்கார்ந்தன. பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, இது நம்ம படிச்ச பாடமாச்சே! இதை ஏண்டா ஒளிச்சு வெச்சாங்க?"

அன்று சாயங்காலமே பின் நம்பரை மாற்றினார். மாற்றும்போது என்னையும் பையனையும் திரும்பி நிற்கச் சொன்னார்.

நான் இப்போதும் கோட்டுக் கட்சிதான்; பஸ்ஸில் தொங்கும் வரை மாறமாட்டேன். ஆனால் ஆபீஸ் பிரசங்கத்தை நிறுத்திவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர் கையில் இருக்கும் போனையும் ஒரு தரம் வாங்கிப் பாருங்கள். வெளியே வரத் தெரியாமல் அவர் எந்த ஆப்புக்குள் எத்தனை மாசமாக நின்றுகொண்டிருக்கிறாரோ!