மிடறு

பதினேழு ஆண்டுகள் தொல்காப்பிய எழுத்ததிகாரம் நடத்தியிருக்கிறேன். பிறப்பியலுக்கு வந்தால் வகுப்பு சற்றுக் கலகலப்பாகும். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்று சொல்லிவிட்டு, மாணவர்களைக் கழுத்தில் விரல் வைத்து 'அ' என்று ஒலிக்கச் சொல்வேன். உயிர் பன்னிரண்டும் மிடற்றில் பிறப்பவை என்பதை விரல் நுனியில் உணர்ந்து அவர்கள் சிரிப்பார்கள். என் கழுத்திலும் வைத்துக் காட்டுவேன். 2022 ஜூலையில் அப்படிக் காட்டியபோதுதான் விரலுக்குக் கீழே ஒரு கட்டி இருப்பது தெரிந்தது.

தைராய்டு சுரப்பியில் புற்று. 'இருப்பதிலேயே நல்ல வகை' என்றார் மருத்துவர். புற்றில் நல்லது என்ற தொடரை ஓர் இலக்கண ஆசிரியனால் எளிதில் விழுங்க முடியவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மைதான். இந்த வகையில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். செப்டம்பரில் சுரப்பியை முழுமையாக எடுத்தார்கள். பிறகு கதிரியக்க அயோடின், அதற்காகத் தனியறை வாசம். வாழ்நாள் முழுதும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. இவற்றையெல்லாம் கடந்துவிட முடிந்தது.

முடியாதது ஒன்று உண்டு. குரல்வளைக்கான நரம்பு நேராக அங்கே போய்ச் சேர்வதில்லை. இடப்பக்க நரம்பு நெஞ்சுவரை இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, தைராய்டை ஒட்டியே மீண்டும் மேலேறுகிறது. என் கட்டி அந்த நரம்பைப் பற்றியிருந்ததால் அதைக் காப்பாற்ற இயலவில்லை. ஒரு குரல்நாண் அசைவற்றுப் போயிற்று. காற்று உந்தியிலிருந்து எழத்தான் செய்கிறது. மிடற்றில் பாதி வீணாகிவிடுகிறது.

ஜனவரியில் வேலைக்குத் திரும்பினேன். சுயநிதிக் கல்லூரி, தொகுப்பூதியம், போன மாதங்களெல்லாம் சம்பளமில்லா விடுப்பு. முதலாண்டுப் பொதுத்தமிழ் வகுப்பில் 64 பேர். மின்விசிறியின் இரைச்சலை என் குரல் தாண்டவில்லை. விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். ஜனவரியில் அது நடந்தது, மார்ச்சில் நடக்கவில்லை. இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி வாங்கினேன். அது என் மூச்சையும் சேர்த்துப் பெருக்கியது. கடைசி வரிசையில் யாரோ அந்த மூச்சைப் போலச் செய்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் ஆசை. இருந்தது.

ஏப்ரலில் நிர்வாகம் என்னைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றியது. மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றும் வேலை. 'ஐயா இனிமேல் சிரமப்படக் கூடாது' என்றார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள். சம்பளமும் குறையவில்லை. என் தாள்கள் இன்னொருவருக்குப் போயின. ஒருநாள் நடைவழியில் வரும்போது உள்ளே பிறப்பியல் நடந்துகொண்டிருந்தது. நின்று கேட்டேன். நன்றாகவே நடத்தினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

2023 ஜூனில் முசிறிப் பக்கம் ஒரு கல்லூரியில் நேர்காணல். இளங்கலைத் தமிழில் 11 மாணவர்கள். மாதம் நாலாயிரம் ரூபாய் குறைவு. குரல் ஏன் இப்படி என்று கேட்டார்கள். 'தொண்டையில் ஓர் அறுவை சிகிச்சை' என்றேன். பொய்யில்லை. நோயின் பெயரை மட்டும் சொல்லவில்லை. 

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருக்க மாட்டாங்களா?" என்று அன்றிரவு மனைவி கேட்டாள். கொடுத்திருக்கலாம். ஆனால் பழைய இடத்தில் எல்லாம் தெரிந்தவர்கள்தானே என்னை மதிப்பெண் பட்டியலுக்கு அனுப்பினார்கள் என்றேன். அவள் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. பரிசோதனைக்குப் போகும் நாள்களில் விடுப்புக் கடிதத்தில் 'சொந்த வேலை' என்றே எழுதுகிறேன்.

காலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறினால் முசிறி வரும்வரை யாரோடும் பேசுவதில்லை. குரலைச் சேமிக்க வேண்டும். குணசீலத்தில் ஏறும் சக ஆசிரியர் என்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்று நினைத்திருக்கக் கூடும். வகுப்பில் பதினொருவரும் என் மேசையைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

சென்ற வாரம் பிறப்பியல். "ஐயா, நீங்களும் வச்சுக் காட்டுங்க" என்றாள் ஒரு மாணவி. தழும்பை ஒட்டி விரல் வைத்து 'அ' என்றேன். ஒலியைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. "அது என்ன தழும்புங்க ஐயா?" என்று கேட்டாள். நான் அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டேன்.