இடக்கையில் கைத்தடி

நான் நான்காம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலையில் பாட்டி என்னிடம் நகவெட்டியை நீட்டினார்.

"ஐயா, கால் நகத்தைக் கொஞ்சம் வெட்டி விடுறியா? என்னால குனிய முடியல" என்றார்.

பூப்பந்து விளையாட நண்பர்கள் வாசலில் காத்திருந்தார்கள். "இதுகூடவா உங்களால் முடியாது, பாட்டி?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டேன். அவர் மறுபடியும் என்னைக் கேட்கவில்லை.

பாட்டிக்கு அப்போது வயது 68. கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். வலது முட்டி வலிக்கிறது என்று ஓராண்டாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் முட்டியைத்தான் கவனித்தோம். அம்மா தைலம் தேய்த்துவிட்டார். அப்பா முட்டியில் மாட்டும் உறையை வாங்கி வந்தார். முட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஒரு மருத்துவர், பெரிதாக ஒன்றுமில்லை என்று வலி மாத்திரை கொடுத்தனுப்பினார்.

ஆனால், வேறு சில மாற்றங்களும் இருந்தன. காரில் ஏறும்போது பாட்டி வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். காலையில் எழுந்ததும் கட்டிலைப் பிடித்தபடி சற்று நேரம் நின்ற பிறகே நடப்பார். தீபாவளி நெருங்கினால் ஜாலான் தெங்கு கிளானாவில் கடைகடையாக ஏறி இறங்குபவர், அவ்வாண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். கூட்டம் பிடிக்கவில்லை என்று காரணம் சொன்னார். நாங்களும் அதை நம்பினோம்.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அத்தைதான், "இங்கே ஒருவர் நன்றாக நீவி விடுவார், அழைத்து வாருங்கள்" என்றார். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில் இருப்பதால், பார்வையற்றவர்கள் நடத்தும் உடற்பிடிப்பு நிலையங்கள் அங்கே பல உண்டு. நானும் பாட்டியும் கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கினோம். அங்கிருந்து கடைக்கு நடப்பதற்குள் பாட்டி மூன்று முறை நின்றார்.

அந்தப் பெரியவர் முட்டியைத் தொட்டுப் பார்த்தார், மடக்கி நீட்டினார். பாட்டி பேசாமல் படுத்திருந்தார். பிறகு அவர் பாட்டியின் காலை மடக்கிப் பிடித்து, தொடையை மெதுவாக உட்பக்கம் திருப்பினார். "அம்மா!" என்று அலறிய பாட்டி, தொடை இடுக்கில் கையை வைத்துக்கொண்டார்.

"நோவு முட்டியில் இல்லம்மா. தொடை சேருகிற மூட்டில் இருக்கிறது. நான் இதை அமுக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போய் அந்த இடத்தை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்" என்றார். கூலியும் வாங்க மறுத்துவிட்டார்.

கண்ணுள்ள நாங்கள் ஓராண்டு பார்க்காததை அவருடைய விரல்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுகொண்டன.

இதில் நம் பேச்சு வழக்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். 'இடுப்பு வலி' என்றால் நாம் முதுகின் கீழ்ப்பகுதியைத்தான் தொட்டுக் காட்டுகிறோம். இடுப்பு மூட்டோ தொடை இடுக்கின் ஆழத்தில் இருக்கிறது. அங்கே கோளாறு என்றால் வலி தொடை இடுக்கிலும் தொடையிலும் தெரியும்; சிலருக்கு முட்டியில் மட்டுமே தெரியும். இரண்டு மூட்டுகளுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால் இப்படி இடம் மாறித் தோன்றுகிறது.

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். அறிவியல் பாடத்தில் படித்த பந்துக்கிண்ண மூட்டு கண்முன் இருந்தது. இடப்பக்கத்தில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே தெளிவான இடைவெளி தெரிந்தது. அது வழவழப்பான குருத்தெலும்பு இருக்கும் இடம். வலப்பக்கத்தில் அந்த இடைவெளியே இல்லை. எலும்பு எலும்போடு உரசிக்கொண்டிருந்தது. தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது என்றும், வலியைக் குறைத்து நடமாட வைக்க முடியும் என்றும் அவர் சொன்னார்.

இயன்முறை மருத்துவர் முதலில் கேட்டது, "கைத்தடியை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள்?" என்பதுதான். பாட்டி வலக்கையைக் காட்டினார். வலிக்கிற பக்கம் ஊன்றுவதுதானே முறை என்று நானும் நினைத்திருந்தேன். அவர் தடியை இடக்கைக்கு மாற்றினார். வலது காலில் மட்டும் நிற்கும் நொடியில், உடல் இடப்பக்கம் சாயாமல் இருக்க இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலமாக இழுக்கிறது. உடல் எடையோடு அந்த இழுப்பும் சேர்ந்து, மூட்டின்மேல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு சுமை விழுகிறது. இடக்கையில் ஊன்றிய தடி எதிர்ப்பக்கத்தைத் தாங்கிக்கொள்வதால் தசைக்கு வேலை குறைகிறது. மூட்டுக்கும் சுமை குறைகிறது. பாட்டி நான்கு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முகமே மாறியிருந்தது. இப்போதெல்லாம் திரைப்படத்தில் யாராவது தவறான கையில் தடியோடு நொண்டினால், என் கண் கதையை விட்டுவிட்டுத் தடிக்குப் போய்விடுகிறது.

மற்றவை பழக்கமாக வேண்டியவை. படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் நோயுற்ற காலும் முதலில். தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதை விட்டு உயரமான நாற்காலிக்கு மாறினார். படுத்தபடி காலைப் பக்கவாட்டில் விரிக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்தார். தாமாக வாங்கி விழுங்கிய மாத்திரைகளை நிறுத்தினார். சிலவகை வலி மாத்திரைகளைத் தொடர்ந்து தின்றால் வயிறும் சிறுநீரகமும் கெடுமாம். எடையைக் குறைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மைலோவில் சீனி குறைந்ததற்கு ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை.

இரண்டாண்டுகள் இப்படிச் சமாளித்தார். பிறகு வலி இரவில் தூக்கத்தைக் கெடுக்கத் தொடங்கியது. அறுவை சிகிச்சை என்றதும் அப்பா தயங்கினார். ஆனால், உலோகப் பந்தும் நெகிழிக் கிண்ணமும் பொருத்தும் முறையை ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1962ஆம் ஆண்டிலேயே வெற்றிகரமாகச் செய்துகாட்டியிருக்கிறார் என்று மருத்துவர் விளக்கினார். பாட்டி கேட்டது ஒரே கேள்வி: "திரும்ப ஜாலான் தெங்கு கிளானாவுக்கு நடப்பேனா?"

அடுத்த தீபாவளிக்கு முன்பே நடந்தார். என் கையில்தான் பைகள்.

புதிய மூட்டு வந்தாலும் ஆழமாகக் குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே சனிக்கிழமை காலையில் நானே நகவெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். "சதையோட வெட்டிடாதே, ஐயா" என்றார் பாட்டி.