ஆள் ஊரில் இருக்கும்போதே

காசநோயைக் கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனை சிறந்தது என்று கேட்டால் பாடப்புத்தகம் கல்ச்சரைத்தான் சொல்லும். ஒரு மில்லி சளியில் பத்து முதல் நூறு கிருமி உயிரோடு இருந்தாலே வளர்த்துக் காட்டிவிடும். ஆனால் முட்டை கலந்த எல்.ஜே. ஊடகத்தில் அது வளர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். எம்ஜிஐடி திரவ ஊடகத்திலும் ‘இல்லை’ என்று எழுத 42 நாள் காத்திருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆய்வகத்தில் வேலை பார்க்கிற எனக்கு அந்த 42 நாள்தான் முதலில் கண்ணில் படுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஒரே அறையில் ஷிஃப்ட் மாற்றிப் படுத்தெழுந்து, கான்ட்ராக்ட் முடிந்ததும் கிளம்பிவிடுகிற பிள்ளைகள்தான் இங்கே பெரும்பாலும் குப்பியோடு நிற்கிறார்கள். ரிசல்ட் வரும்போது ஆள் இருப்பாரா என்பதையும் சேர்த்தே இங்கே பரிசோதனைகளை எடைபோட வேண்டும்.

அதற்கும் முன்னால், சளி சரியாக வர வேண்டும். “தம்பி, துப்பக் கூடாது. மூச்சை நல்லா இழுத்து, கொஞ்சம் பிடிச்சு, அடிநெஞ்சிலேருந்து இருமணும்” என்று சொல்லிக் காற்றோட்டமான இடத்துக்கு அனுப்புவேன். நுரைத்த எச்சிலைக் கொண்டுவந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் கையை விரித்துவிடும். கெட்டியான மஞ்சள் கோழை வேண்டும். ‘காலைச் சளி’ கொண்டு வா என்று எழுதிக் கொடுத்தால் நைட் ஷிஃப்ட் முடித்த பையன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு கொண்டுவருவான். தூங்கும்போது நெஞ்சில் சேர்ந்த கோழைதான் நமக்குத் தேவை. அவனுக்கு அது மதியம் எழுந்தபிறகுதான் கிடைக்கும். அதனால் நேரத்தைச் சொல்லாமல், தூங்கி எழுந்ததும் என்றே சொல்கிறேன்.

சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற ஸ்மியர் 1880களிலிருந்து வரும் முறை. கார்பால் ஃபுக்சின் ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தால் கழுவி, மெத்திலீன் நீலம் போட்டால் நீலப் பரப்பில் சிவப்புக் குச்சிகள் தெரியும். ஆனால் ஒரு மில்லியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் சிக்கும். ஆரமைன் சாயமும் எல்இடி விளக்கும் வந்தபிறகு வேலை வேகமானது, கொஞ்சம் கூடுதலாகவும் பிடிபடுகிறது. இருந்தாலும் ‘நெகட்டிவ்’ என்று எழுதும்போது மனம் ஒப்பாது.

கிருமியின் டிஎன்ஏவைக் கருவியில் தேடும் சிபிநாட் பரிசோதனை அந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒரு மில்லிக்கு 131 கிருமி போதும், அதன் அல்ட்ரா வகைக்குப் பதினாறே போதும். ஸ்மியர் தவறவிட்டுக் கல்ச்சர் பிடிக்கிற நூறு பேரில் ஏறக்குறைய 67 பேரை முதல் சிபிநாட்டே பிடித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு வரும், காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதும் கூடவே தெரியும். அதே வகையில் கோவாவின் மோல்பயோ நிறுவனம் செய்த ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடும், குளிர்சாதன அறை கேட்காது. 2020இல் உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றது. அதில் ரிஃபாம்பிசினுக்கு இன்னொரு சிப் போட வேண்டும், அவ்வளவுதான். வந்த அன்றே முடிவு சொல்லி மருந்து தொடங்க முடிகிறது என்பதற்காகவே, இந்தப் பகுதிக்கு முதல் பரிசோதனை இவை இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பேன்.

அதற்காக மைக்ராஸ்கோப்பை மூடிவைக்க முடியாது. சிபிநாட்டும் ட்ரூநாட்டும் தேடுவது டிஎன்ஏவை. செத்த கிருமியிலும் அது இருக்கும். மருந்து கேட்கிறதா என்று பார்க்க அவை உதவாது. ஸ்மியரும் கல்ச்சரும்தான் வேண்டும். முன்பு எப்போதாவது டிபி மாத்திரை சாப்பிட்டதுண்டா என்று கேட்காமல், மிகக் குறைந்த அளவில் வரும் பாசிட்டிவை நம்பக் கூடாது. சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. வீட்டிலிருக்கும் நோயாளி தேறுகிறாரா என்று அன்றும் சளியைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

ரிஃபாம்பிசின் எதிர்ப்பு தெரிந்தாலோ, மருந்து தொடங்கியும் ஸ்மியர் மாறாவிட்டாலோ சளி கல்ச்சருக்குப் போகும். வேறு எந்தெந்த மருந்து பலிக்கும் என்று அதுதான் விரிவாகச் சொல்லும். அந்த ரிசல்ட் வரும்போது பையன் புவனேஸ்வரத்தில் இருக்கலாம். அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்‌ஷய் எண் இருந்தால் அங்கே இருப்பவர்களும் திறந்து பார்க்கலாம். அதனால் குப்பியில் லேபிள் ஒட்டும்போதே அந்த எண்ணைக் குறித்துவிட்டு, அவன் வீட்டில் யாராவது ஒருவருடைய போன் நம்பரையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.