தண்ணி தீர்ந்த உலகம்

சனிக்கிழமை ராத்திரியானா அஞ்சு பேர் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு என்னடா பண்றீங்கன்னு கிளாஸ்ல பாதிப் பேர் கேட்டாச்சு. சீட்டாட்டம் இல்லீங்க. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல அமெரிக்காவுல வந்த விளையாட்டு. ஒருத்தர் கதையை நடத்துவார் (அடியேன்தான்). மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா பேசி, பகடை உருட்டி, அந்தக் கதைக்குள்ள பொழைக்கணும்.

இந்த செமஸ்டர் நானே ஒரு உலகம் செஞ்சேன். சொந்தச் சரக்குன்னு பீத்திக்க மாட்டேன். அஸ்திவாரம் 1991-ல டிஎஸ்ஆர் கம்பெனி போட்ட 'டார்க் சன்'. மந்திரவாதிங்க மந்திரம் போடப் போட, செடிகொடியோட உயிரெல்லாம் உறிஞ்சப்பட்டு பூமியே பாலைவனமாப் போன கதை. இரும்பு கிடைக்கிறதே அபூர்வம், கத்திகூட எலும்புலதான். காசு பீங்கான். இந்த மாதிரி ஊர்ல டிராகனைவிடப் பெரிய வில்லன் தாகம்தானே?

விதிப்புத்தகத்தை (2014 பதிப்பு) எடுத்தேன். வெயில் நாள்ல ஆளுக்கு ரெண்டு கேலன் தண்ணி, அதாவது சுமார் 7.5 லிட்டர். தோல்பை ஒண்ணுல அரை கேலன்தான் பிடிக்கும். அப்போ ஒரே நாளைக்கு ஆளுக்கு நாலு பை சுமக்கணும். குடிக்கலேன்னா களைப்பு படிப்படியா ஏறும், ஆறாவது படியில சாவு. ஆஹான்னு பக்கத்தைத் திருப்பினா, பூசாரிக்கு ஒரு மந்திரம். முதல் நிலையிலேயே! ஒரு தடவை போட்டா 10 கேலன். நாலு பேருக்குத் தேவையே எட்டுதான். என் பாலைவனம் பிக்னிக் ஸ்பாட் ஆயிடுச்சு :-)

அந்த மந்திரத்தையே தடை பண்ணலாம். எனக்கு அது பிடிக்கல, கையில இருக்கறதைப் புடுங்கற மாதிரி. அதனால ஒரு விதி சேர்த்தேன்: அந்தத் தண்ணி சும்மா வராது, பக்கத்துல எந்தக் கிணறு இருக்கோ அங்கேருந்து குறையும். இதை யார்கிட்டயும் சொல்லல.

பூசாரியா ஆடினவன் ராம்நாடு பக்கம். மூணு நாள் மந்திரம் போட்டான், எல்லாரும் வயிறு முட்டக் குடிச்சாங்க. நாலாம் நாள் ஒரு கிராமம். கிணத்துல சேறு. குடத்தோட பிள்ளைங்க வரிசை. "மூணு நாளா இறங்கிக்கிட்டே இருந்துச்சு சாமி"ன்னு ஒரு கிழவி குரல்ல சொன்னேன். அரை நிமிஷம் அமைதி. அப்புறம் மத்த மூணு பேரும் "மச்சான், செம ட்விஸ்ட்டுடா!"

அவன் மட்டும் பகடையைக் கீழே வெச்சுட்டான். "எங்க அப்பத்தா மணல்ல ஊத்து தோண்டி செரட்டையால மொண்டு குடத்தை நிரப்பும்டா. தெரிஞ்சிருந்தா நான் அந்த மந்திரத்தைத் தொட்டிருப்பேனா?" எழுந்து போயிட்டான்.

அந்த வாரம் பூரா மெஸ்ல வேற டேபிள்ல உக்காந்தான். முதல்ல எனக்குக் கோவம்தான், வெறும் விளையாட்டுக்கு இவ்ளோவான்னு. அப்புறம் யோசிச்சா அவன் சொன்னது சரி. விலையைச் சொல்லாம வாங்க வெச்சுட்டு, நீதானே வாங்கினேன்னு கேட்டிருக்கேன்.

அடுத்த சனிக்கிழமை விதியை எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சேன். வேணும்னா அந்த நாலு நாளையும் திரும்ப ஆடலாம்னும் சொன்னேன். "வேணாம், காஞ்சது காஞ்சதுதான். என் பூசாரி இங்கேயே இருந்து ஊத்து தோண்டுவான்"ன்னான்.

புத்தகத்துல அதுக்கு விதியே இல்ல. அவன்தான் சொல்லிக் குடுத்தான். காஞ்ச ஆத்துல எங்க தோண்டணும், மணல் எப்படிச் சரியும், ஊறி வர்ற வரைக்கும் காத்திருந்து கலங்காம எப்படி மொள்ளணும்னு. அவன் சொல்லச் சொல்ல பகடைக்கு எண் போட்டேன். ரெண்டு மணி நேரம் ஒரே குழிக்குள்ள. ஒருத்தரும் கத்தியை எடுக்கல, ஒருத்தரும் செல்போனையும் எடுக்கல!

வர்ற சனிக்கிழமை அந்த ஊத்தைத் தேடி 20 பேர் வர்றாங்க, குழந்தைகளோட. ஊத்துத் தண்ணி அத்தனை பேருக்குப் பத்தாது. மந்திரம் இன்னும் அவன் கையில இருக்கு. டேய், படிச்சியா? இந்தத் தடவை முன்னாடியே சொல்லிட்டேன்.