நான்காவது அடைப்பான்

மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கியதும் லவால் நகரின் கொல்லைப்புறங்களிலிருந்து ஒரே மாதிரியான இரைச்சல் கிளம்புகிறது. கம்ப்ரஸர்கள். கனடாவின் மான்ட்ரியாலுக்கு வடக்கே, ஆற்றைத் தாண்டினால் வரும் தீவு இது. கியூபெக் மாகாணத்துக்காரர்களுக்கு நீச்சல் குளப் பித்து கொஞ்சம் அதிகம். வீடு சிறியதாக இருந்தாலும் பின்னால் ஒரு குளம் இருக்கும். மே மாதம் திறந்தால் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ மூடியாக வேண்டும். குளிப்பதற்குக் கிடைப்பது சில மாதங்கள். மீதி நாள் முழுக்கக் காவல். கணக்குப் பார்க்கிறவர்கள் யாரும் குளம் வெட்டுவதில்லை.

அந்த முன்னாள் பஸ் டிரைவர் 1988-ல் வெட்டினார். மகனுக்கு அப்போது ஆறு வயது, மகளுக்கு நான்கு. 32 அடி நீளம், 16 அடி அகலம், சுமார் 70 ஆயிரம் லிட்டர் தண்ணீர். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அதை மூடியவர் அவர்தான். பணம் கொடுத்தால் அரை நாளில் மூடிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. “என் குழாய்கள் மண்ணுக்குள் எங்கே வளைகின்றன என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?” என்பார்.

மூடுவது என்றால் தார்ப்பாயை இழுத்துப் போர்த்துவது என்று நம்மூர்க்காரர் நினைக்கலாம். விஷயம் அதுவல்ல. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. ஃபிரீஸரில் தண்ணீர் பாட்டிலை வைத்து மறந்துபோன எந்த வீட்டுக்கும் இந்தப் பாடம் தெரியும். குளத்தின் நடுவில் உறையும் ஐஸ் பெரிய தொல்லையில்லை. ஆபத்து குழாய்களில்தான். குளத்துத் தண்ணீரை உறிஞ்சி, ஃபில்டரில் சுத்தமாக்கித் திருப்பி அனுப்பும் குழாய்கள் சிமென்ட் தளத்துக்கு அடியில் ஓடுகின்றன. அவற்றில் தங்கிய தண்ணீர் ஜனவரியில் உறைந்தால் குழாய் பிளக்கும். பிளந்தது மே மாதம்தான் தெரியும்.

அப்படியானால் குளத்தையே காலி செய்துவிடலாமே? கூடாது. சுற்றியுள்ள மண்ணில் ஊறி நிற்கும் நீர் வெளியிலிருந்து நெருக்குகிறது. உள்ளே எதிர்த்து நிற்கத் தண்ணீர் இல்லாவிட்டால் சுவர் சரியலாம், வினைல் விரிப்பு பெயர்ந்து மிதக்கலாம். காலியான கான்கிரீட் குளம் தோணி மாதிரி மண்ணிலிருந்து எழும்பி நிற்பதும் உண்டு. எனவே தண்ணீர் இருக்க வேண்டும், ஆனால் குழாய் வாய்களுக்குக் கீழே இருக்க வேண்டும்.

இதற்கு அவரிடம் ஒரு வரிசை உண்டு. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போகும்வரை காத்திருப்பார். அதற்கு முன் மூடினால் போர்வைக்கு அடியில் பாசி பிடிக்கும். இலைகளை வாரி, தரையைத் தேய்த்து, குளோரினும் பாசி மருந்தும் போடுவார். மறுநாள் மட்டத்தை இறக்குவார். பம்பைக் கழற்றி நிலவறைக்குக் கொண்டுபோவார். அதன் சிறிய திருகுகளை பம்பின் கூடைக்குள்ளேயே போட்டு வைப்பார், வசந்த காலத்தில் தேட வேண்டாமே. பிறகு கம்ப்ரஸர். ஒரு முனையில் காற்றைச் செலுத்தினால் மறுமுனையில் தண்ணீர் பீறிட்டு, கொப்பளித்து, கடைசியில் வெறும் காற்று வரும். அந்த நிமிடத்தில் வாயை அடைக்க வேண்டும். நடுவில் திருகு கொண்ட ரப்பர் அடைப்பான் அது. திருகத் திருக ரப்பர் பிதுங்கி இறுகும். அவர் குளத்துக்கு நான்கு அடைப்பான்கள். நீரின் மேற்பரப்பில் மிதக்கும் குப்பையை இழுக்கும் பெட்டிக்குள் கொஞ்சம் கூழாங்கல் போட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றையும் வைப்பார். ஐஸ் நெருக்கினால் பாட்டில் நசுங்கட்டும், பெட்டி பிழைக்கட்டும் என்று. இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸை ஊற்றுவார். காரில் ஊற்றும் பச்சை ரகத்தைக் கிட்டவே சேர்க்க மாட்டார், அது விஷம்.

2023 மே மாதத்தில் குளத்தைத் திறந்தபோது பம்ப் ஓட ஓடத் தண்ணீர் மட்டம் இறங்கியது. தளத்தின் ஓரத்தில் ஈரம் கசிந்தது. சிமென்டை அறுத்துத் தோண்டினார்கள். ஒரு குழாய் முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. செலவு, ஒரு கோடை விடுமுறைப் பயணத்தை விழுங்கியது. ரப்பர் மட்டமான சரக்கு என்று அவர் கடைக்காரரைத் திட்டினார். மகனிடம் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அவர் மனைவிக்கு உண்மை தெரியும். முந்தைய டிசம்பரில் அவருடைய பழைய கோட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. நான்காவது அடைப்பான். மூன்றைத்தான் அவர் பொருத்தியிருந்தார். நவம்பர் மழையில் மட்டம் ஏறி, திறந்திருந்த வாய் வழியே தண்ணீர் நுழைந்திருக்க வேண்டும். அந்த அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கொல்லை முழுக்கப் பனி. தார்ப்பாய் ஐஸாய் இறுகிக் கிடந்தது. அடைப்பானைத் தையல் பெட்டியில் வைத்து மூடினார்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். அந்த ஆண்டு அவர் மறந்தது அடைப்பானை மட்டுமல்ல. அடுப்பில் பால் வைத்தது, பேத்தியின் பெயர், 30 ஆண்டு பஸ் ஓட்டிய தடத்தில் ஒரு திருப்பம். டாக்டரைப் பார்க்கலாம் என்று மனைவி மூன்று முறை சொல்லியாயிற்று. “குளத்தைத் திறந்துவிட்டுப் பார்ப்போம்” என்றார். பிறகு, “குளத்தை மூடிவிட்டுப் பார்ப்போம்.” ஒருவருடைய மறதிக்குச் சாட்சிப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எந்த நேரத்தில் மேஜை மீது வைப்பது?

2023 அக்டோபரில், நன்றி தெரிவிக்கும் நாளை ஒட்டிய விடுமுறையில், மகன் குழந்தைகளோடு வந்தான். இந்த முறை ஆள் வைத்து மூடலாம் என்பது அவன் கட்சி. குளத்தை மண் கொட்டி நிரப்பிவிடலாம் என்றுகூட ஆரம்பித்தான். தளர்ந்த தார்ப்பாயில் மழைநீர் தேங்கினால் அதுவே சிறு குழந்தைக்கு எமன் என்றான். அதில் தப்பில்லை. வீட்டுக் குளங்களுக்கு 1.2 மீட்டர் உயரத் தடுப்பு வேண்டும் என்று கியூபெக் 2010-ல் விதி கொண்டுவந்தது, 2021-ல் பழைய குளங்களையும் அதில் சேர்த்தது. எல்லாம் குழந்தைகளை எண்ணித்தான். தகப்பனார் பதில் சொல்லாமல் கம்ப்ரஸரை இழுத்துக்கொண்டு போனார்.

அப்போது மனைவி ஒரு வெள்ளைத் தட்டோடு வெளியே வந்து தோட்டத்து மேஜையில் வைத்தார். தட்டில் நான்கு அடைப்பான்கள். மூன்று கறுப்பாக, சுண்ணாம்புப் படிவோடு. நான்காவதில் மட்டும் அந்தப் படிவு இல்லை. ஒரு குளிர்காலம் தண்ணீரைக் காணாதது.

அவர் தட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கவில்லை.

“காற்றைத் திற” என்றார் மகனிடம். முதல் வாயில் குமிழிகள் கிளம்பின. தட்டில் மூன்று மிஞ்சின, பிறகு இரண்டு. மண்டியிட்டுத் திருகும்போது விரல்கள் நடுங்கின. மகன் கை நீட்டியபோது விலக்கவில்லை. எவ்வளவு இறுக்குவது, எந்தக் குழாயில் கடைசியாகக் காற்று வரும், படிக்கட்டின் பக்கத்து வாய் ஏன் தாமதிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். நடுவில் நிறுத்தி, “எழுதிக்கொள்” என்றார். மகன் பேனாவுக்காக உள்ளே ஓடினான். பேத்தியின் வரைபட நோட்டுதான் அகப்பட்டது.

தட்டு காலியானதும் அவர் எழுந்து நின்று, மனைவியின் பக்கம் திரும்பி, கோட்டுப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு மிட்டாய்த் தாளும் துருப்பிடித்த ஆணியும் புல்லில் விழுந்தன. அந்த அம்மாள் சிரித்தாரா அழுதாரா என்று மகனுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவன் அப்போது தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இருட்டுவதற்குள் தார்ப்பாயின் விளிம்பு முழுக்கத் தண்ணீர்ப் பைகளை அடுக்கினார்கள். முழுக்க நிரப்பாதே, அதுவும் உறைந்து வீங்கும் என்றார் கிழவர். அதையும் மகன் எழுதிக்கொண்டான்.

விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை காலை மனைவி டாக்டருக்கு போன் செய்தபோது அவர் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்விடவில்லை. போனை வைத்ததும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார்.