மாறா எங்கிருந்து வந்தான்?

நங்கநல்லூர்க்காரர்களுக்கு விமானம் அதிசயமே இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டினால் மீனம்பாக்கம். மொட்டை மாடியில் வடாம் காயப்போடும்போது சக்கரத்தை இறக்கிக்கொண்டு தலைக்கு மேலே ஒன்று போகும். பேச்சை நிறுத்துவோம்; போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம்.

அதனால் ஏர்லைன்ஸ் தொடங்கும் மாறாவின் கதையாக 2020 நவம்பரில் ‘சூரரைப் போற்று’ வந்தபோது எங்கள் தெருவில் ஆளுக்கொரு விமர்சனம். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு மாமாதான் என்னைக் கிளப்பிவிட்டார். “படம் நன்னாதான் இருக்கு. ஆனா நிஜ ஆள் ஏர்ஃபோர்ஸே இல்லைப்பா, ஆர்மி. பேருக்கு முன்னாடியே கேப்டன்னு இருக்கே! ஏர்ஃபோர்ஸ்ல வெறும் கேப்டன் ஏது? குரூப் கேப்டன்தான்.”

அந்த நிஜ ஆள் கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத். படத்து மாறாவுக்கு ஊர் சோழவந்தான்; நிஜத்தில் கோபிநாத்துக்கு கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்து கொரூர். பைலட்டாக இல்லாத ஒருவருக்கு ஏர்லைன்ஸ் ஆசை எங்கே முளைத்தது என்று அவருடைய சுயசரிதையையும் பேட்டிகளையும் வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன்.

முதலில் பள்ளிக்கூடத்தில் தேடினேன். அப்பா ஆசிரியர்; ஆனாலும் பிள்ளையை ஐந்தாம் வகுப்புவரை பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்திருக்கிறார். பிறகு பிஜாப்பூர் சைனிக் பள்ளி. அங்கிருந்து தேசியப் பாதுகாப்புக் கழகம் (என்.டி.ஏ.) வழியாக ராணுவத்துக்குப் போனார். 1971 வங்கதேசப் போரைப் பார்த்தார். இருபத்தெட்டு வயதில் கேப்டனாகவே விலகிவிட்டார். இதுவரைக்கும் விமானத்தின் வாடையே இல்லை.

நான் தேடியது அடுத்த கட்டத்தில்தான் அகப்பட்டது. ஹேமாவதி அணை கட்டியதில் குடும்பத்து நிலம் தண்ணீருக்குள் போய்விட்டது. ஈடாகக் கிடைத்தது வேறோர் இடத்தில் வறண்ட பொட்டல். விற்றுவிட்டு பெங்களூருக்குப் போகவேண்டிய மனிதர் அங்கே கூடாரம் அடித்துத் தங்கினார். தென்னை வைத்தார், மாடு வளர்த்தார், பட்டுப்புழுவில் இறங்கினார். நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார். ரசாயனத்தைக் குறைத்து இயற்கை முறையில் பட்டுப்புழு வளர்த்ததற்காக 1996இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நடுவில் ஹாசனில் என்ஃபீல்டு மோட்டார்சைக்கிள் டீலர்ஷிப், சிற்றுண்டி ஹோட்டல். கையில் காசில்லாமல், ஊராரின் கேலிக்கு நடுவே ஒரு தொழிலை நிற்கவைப்பது எப்படி என்ற பாடத்தை இங்கேதான் படித்திருக்கிறார்.

மற்றதெல்லாம் பேப்பரில் வந்த கதை. 1997இல் ஹெலிகாப்டர் கம்பெனி, 2003இல் ஏர் டெக்கான். அமெரிக்காவில் பீனிக்ஸ் என்ற ஒரு விமான நிலையத்தில் நாளுக்கு ஆயிரம் விமானம். இந்தியா முழுக்கச் சேர்த்தாலும் அதில் பாதி தேறாது என்று அவர் போட்ட கணக்கு, பிறகு ஒரு ரூபாய் டிக்கெட்டில் வந்து நின்றது. அதுகூட விவசாயி போடும் கணக்குதான்: விளைச்சல் அதிகமானால் விலை இறங்கும்.

சினிமாவுக்கு ஏர்ஃபோர்ஸ் சீருடை எடுப்பாக இருக்கும். பட்டுப்புழுத் தட்டு எடுபடாது. இயக்குநர் சுதா கொங்கராவைக் குறை சொல்லமாட்டேன். படம் ஐந்து தேசிய விருது வாங்கியது நியாயம்தான். ஆனால் அது வெற்றியோடு நின்றுவிடுகிறது. நிஜத்தில் 2007இல் கம்பெனி கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் பக்கம் சாய்ந்தது, அடுத்த வருஷம் டெக்கான் என்ற பெயரே போயிற்று, 2012இல் கிங்ஃபிஷரும் தரையிறங்கிவிட்டது.

படம் பார்த்தவர்கள் கோபிநாத்தின் சுயசரிதையான ‘சிம்ப்ளி ஃப்ளை’ புத்தகத்தையும் ஒருமுறை படியுங்கள். விமானம் எப்போது வரும் என்று பண்ணைப் பக்கங்களை மட்டும் தள்ளிவிடாதீர்கள்.