பாயிண்டா, எலெக்ட்ரானிக்கா?

பழைய கார் வைத்திருப்போர் இருவர் சந்தித்தால் இந்த வழக்கு வந்தே தீரும்: "பாயிண்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் போடலாமா? நடுவழியில் நின்றுவிடாதா?"

எங்கள் வீட்டுக்கு அப்பா விட்டுச் சென்ற 1965-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் ஒன்றுதான் கார். பள்ளிச் சாவியும் என்னிடமே இருக்கிறது. செம்பனை வேலைக்குப் போகும் பெற்றோர், பாலர் வகுப்புப் பிள்ளைகளை இருட்டு விலகுமுன்னே வாசலில் விட்டுப் போவார்கள். அந்தச் சின்னஞ்சிறுசுகள் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கக் கூடாது. ஆகவே எனக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

பாயிண்ட் படும் பாட்டைப் பாருங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நான்கு சிலிண்டர் காரில் அது வினாடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். திறக்கும் இடைவெளியோ, ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் 15 பங்கு! உரசும் குதி தேயத் தேய இடைவெளி குறையும், தீப்பொறி பிந்தும், மேட்டில் கார் முனகும். ஆனால் பாயிண்ட் பெரும்பாலும் சொல்லாமல் சாவதில்லை. பல நாள் இருமிக் காட்டிவிட்டுத்தான் படுக்கும். உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம்.

எலெக்ட்ரானிக்கில் உரசல் இல்லை. சிறு காந்த வளையம் சுற்ற, அதை உணரும் கருவி டிரான்சிஸ்டர் மூலம் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டுகிறது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1973 மாடல் கார்களிலேயே இம்முறைக்கு மாறிவிட்டது. ஆக, முறை புதியதன்று. ஆனால் போனால் ஒரேயடியாகப் போகும். தேய்த்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. "வாத்தியாரே, அது நோய் சொல்லாத பிள்ளை" என்பார் எங்கள் பட்டறைக்காரர்.

அது தானாகச் சாவதைவிட, நாம் கொல்வதே அதிகம் என்பது என் எண்ணம். என் மைனரில் பேட்டரியின் நேர்முனைதான் காரின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. இன்றைய கார்களில் எதிர்முனை. "எல்லாம் ஒன்றுதான் சார்" என்று ஒரு கடையில் நீட்டிய பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், எதிர்முனைக்கு உரியது! மாற்றிக் கொடுத்தால் அந்த நொடியே கருகிவிடும். இன்ஜின் ஓடாதபோது சாவியைப் போட்டே வைத்திருப்பதும், மின்தடை குறைந்த காயிலைப் பொருத்துவதும் அதற்கு எமன்தான்.

இன்னொன்று. பழைய கண்டன்சர் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அண்மையில் நான் வாங்கிய புதியவை இரண்டும் சில மாதங்களைத் தாண்டவில்லை. நல்ல பாயிண்டோடு ஒப்பிட்டால் எனக்கும் தயக்கம் வரும். இப்போது கடையில் கிடைப்பதோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்தேன். பொருத்தி மூன்றாண்டு ஆகிறது. பழைய பாயிண்ட், கண்டன்சர், ஒரு திருப்புளி மூன்றையும் துணியில் சுற்றி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

ஒருமுறை அடைமழையில் கார் நின்றது. "பார்த்தாயா, அந்தக் கருவிதான்!" என்றார் உடன் வந்த மாமா. டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன், உள்ளே ஈரம். கைக்குட்டையால் துடைத்ததும் கிளம்பிவிட்டது. மூடியும் ரோட்டரும் பிளக் வயரும் பழைய முறையில் இருந்தவையே. மாமா இன்னும் நம்பவில்லை.